நாவின் முடிச்சு அவிழ: நாநெகிழ் தொடர்களும் ஆங்கில ஒலிப்பும்

கற்றதைப் பிறர் உணருமாறு எடுத்துரைக்க இயலாதவரை மணமற்ற மலர்க்கொத்துக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். சொல்வன்மை என்னும் அதிகாரத்தின் இறுதியில் அவர் வைத்த அவ்வுவமை, இன்று நம் கல்லூரி மாணவர் பலரைக் காணுந்தொறும் நம் நெஞ்சில் எழுகின்றது. கணக்கியலில் தேர்ந்தவர், கணினி இயக்குவதில் வல்லவர், தேர்வில் முதல் வகுப்பு. எனினும், திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் நேர்முகத் தேர்வுக்குச் சென்றால் ஆங்கிலத்தில் இரண்டு வரி பேச நா எழுவதில்லை. விடை தெரியாமையால் அன்று. சொல்லை ஒலிக்கும்போது எவரேனும் நகைப்பரோ என்னும் அச்சத்தால் வாய் மூடிக்கொள்கின்றனர். அமராவதி ஆற்றங்கரைச் சிற்றூர்களிலிருந்தும், தாராபுரம், காங்கேயம் வட்டாரத்து உழவர், சிறுவணிகர் குடும்பங்களிலிருந்தும் முதல் தலைமுறையாகக் கல்லூரி வாயிலை மிதித்தோர் இவர்களுள் மிகப் பலர். இவர்தம் மௌனத்தால் இழப்பது ஒரு வேலை மட்டுமன்று. ஒரு குடும்பத்தின் நம்பிக்கையும் ஆகும்.

இம்மௌனத்தைக் கலைக்கத் தமிழ்த்துறை என்ன செய்ய இயலும் என வினவலாம். ஆங்கில ஒலிப்பைக் கற்பிப்பது ஆங்கிலத் துறையின் பணி அன்றோ எனவும் கூறலாம். ஆயின், நம் மாணவர் நா எங்கே இடறுகின்றது, ஏன் இடறுகின்றது என்பதற்கு விடை தமிழ் இலக்கணத்திலேயே உள்ளது. இடறலை நீக்கும் கருவியோ நம் தெருத்திண்ணைகளிலும் பள்ளிவாசல் மக்தபுகளிலும் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. அதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாநெகிழ் தொடர் என்பது யாது?

ஒத்த ஒலியுடைய சொற்களை அடுத்தடுத்து அமைத்து, விரைந்து சொல்லும்போது நா தடுமாறுமாறு தொடுக்கப்பட்ட வாக்கியத்தைச் சிலர் நாப்பிறழ் தொடர் என்பர். சிலர் நாநெகிழ் தொடர் என்பர். இரு பெயரும் பொருத்தமே. முதலில் நா பிறழ்கின்றது. பழகப் பழக நெகிழ்கின்றது. முன்னது நோயின் பெயர் எனின், பின்னது மருந்தின் பெயர் எனலாம்.

தாத்தா தைத்த சட்டையைப் பற்றியும், கிழ நரியைப் பற்றியும், வாழைப்பழத்தில் வழுக்கி விழுந்தவரைப் பற்றியும் நம் சிறுவர் மூச்சுவிடாமல் சொல்லி விளையாடும் தொடர்களை அறியாதார் இலர். பிழையறச் சொன்னவர் வென்றவர், இடறியவர் தோற்றவர். தோற்றவரும் சேர்ந்து சிரிப்பதுதான் இவ்விளையாட்டின் சிறப்பு. அச்சத்தைப் போக்கும் ஆற்றல் அச்சிரிப்பில் அடங்கியுள்ளது.

மேலை நாட்டாரும் இதனை விளையாட்டாகவே தொடங்கிப் பயிற்சியாக வளர்த்தனர். 1813ஆம் ஆண்டு இலண்டனில் ஜான் ஹாரிஸ் என்னும் பதிப்பாளர் வெளியிட்ட ஒரு சிறு நூல், ஆங்கில நெடுங்கணக்கின் எழுத்துகளுக்கு வரிசையாக இத்தகைய தொடர்களை அமைத்திருந்தது. 'செம்மையான உச்சரிப்புக்குப் பீட்டர் பைப்பர் கூறும் நடைமுறை நெறிகள்' என்னும் பொருள்படும் பெயர் அந்நூலுக்கு. கடற்கரையில் சிப்பி விற்பவளைப் பற்றி உலகெங்கும் பள்ளிச் சிறார் சொல்லும் தொடரோ, டெர்ரி சல்லிவன் 1908இல் எழுதிய மேடைப் பாட்டால் புகழ் பெற்றது. அதில் ஸகரமும் ஷகரமும் மாறிமாறி வந்து நாவைச் சோதிக்கின்றன.

நா ஏன் தடுமாறுகின்றது? பேசும்போது ஒவ்வோர் ஒலிக்கும் இதழ், நா, தாடை, குரல்வளை ஆகிய உறுப்புகள் ஒரு நொடியின் சிறு கூறுக்குள் ஒன்றோடொன்று இயைந்து இயங்க வேண்டும். இவ்வுறுப்புகளை இயக்கும் மூளைப் பகுதி எவ்வாறு ஒழுங்கு பெற்றுள்ளது என்பதைச் சான்பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2013இல் 'நேச்சர்' இதழில் விளக்கினர். முற்றிலும் வேறான இரண்டு ஒலிகள் அடுத்தடுத்து வரின் குழப்பம் குறைவு. ஒரே இடத்தில் சிறு வேறுபாட்டுடன் பிறக்கும் ஒலிகள் மாறிமாறி வரின், ஒன்றற்குரிய இயக்கம் மற்றொன்றன் இடத்தில் புகுந்துவிடும். ஆகவே, எந்த இரண்டு ஒலிகளை நம் நா ஒன்றாகக் கருதி மயங்குகின்றதோ, அவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பயில்வதே மயக்கம் தீர வழி. நாநெகிழ் தொடர் செய்வது இதனையே.

ஒலிப்பியலில் நம் முன்னோர்

ஒலி பிறக்கும் இடத்தையும் முயற்சியையும் ஆராய்வது நமக்குப் புதியதன்று. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலாகிய பிறப்பியல் முழுவதும் இப்பொருள் பற்றியதே. தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டு இடங்களை வகுத்து, ஒவ்வோர் எழுத்தும் எவ்விடத்தில் எம்முயற்சியால் பிறக்கும் என ஆசிரியர் நிறுவுகின்றார். ஒற்றுதல் என்பதும் வருடுதல் என்பதும் வேறு எனக் காட்டும் நுட்பம் வியக்கத்தக்கது. நா அண்ணத்தைத் தொட்டு அழுந்துவது ஒற்றுதல். மெல்லத் தடவிச் செல்வது வருடுதல். லகரத்திற்கும் ளகரத்திற்கும் உள்ள வேறுபாட்டை இவ்விரு சொற்களால் அவர் விளக்கிவிடுகின்றார்.

அரபு மொழியறிஞரும் இத்துறையில் தனித்தன்மை பெற்றவர். எட்டாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத், தம் அகராதியை வழக்கமான எழுத்து வரிசையில் அமைக்காது, தொண்டையில் பிறக்கும் எழுத்திலிருந்து தொடங்கி இதழில் பிறக்கும் எழுத்து நோக்கி வருமாறு அமைத்தார். திருக்குர்ஆனைச் செம்மையாக ஓதும் முறையாகிய தஜ்வீது கலையில், எழுத்துப் பிறக்கும் இடம் மக்ரஜ் எனப்படும். 1350 முதல் 1429 வரை வாழ்ந்த இமாம் இப்னுல் ஜஸரீ, இத்தகைய இடங்களைப் பதினேழாக வகுத்துக் கூறினார். நம் ஊர்களில் ஐந்தாறு அகவைச் சிறுவரும் சிறுமியரும் காலைப் பொழுதில் மக்தபுக்குச் சென்று, உஸ்தாது வாய் அசைவைக் கூர்ந்து நோக்கி, ஒரே எழுத்தைப் பத்து முறை திருப்பிச் சொல்லிப் பழகுகின்றனரே, அப்பயிற்சி இம்மரபின் வழிவந்தது.

ஆகத் தமிழ் மாணவர் எவரும் தொல்காப்பியரின் வழியினர். நம் சமுதாய மாணவர் தஜ்வீதின் வழியினரும் ஆவர். இவர்கள் ஓர் ஒலிக்கு அஞ்சுவது பொருந்துமோ?

இடறலின் வேர்

'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்றும், 'பஸ்' என்பதைப் 'பஸ்ஸு' என்றும் சொல்வோரைப் படியாதவர் எனக் கருதி நகைப்பது வழக்கமாகிவிட்டது. உண்மையில் அவர்கள் தமிழ் இலக்கணம் வழுவாது ஒலிக்கின்றனர். மெய்யெழுத்து தனித்து மொழிக்கு முதலாகாது என்பது நம் இலக்கண விதி. அதனால்தான் ஸகர மெய்யில் தொடங்கும் அயற்சொல்லுக்கு முன்னே ஓர் இகரம் துணையாக வந்து நிற்கின்றது. வல்லின மெய் மொழிக்கு ஈறாகாது என்பதும் விதி. அதனால் 'கப்' என்பது 'கப்பு' எனவும், 'புக்' என்பது 'புக்கு' எனவும் குற்றியலுகரம் பெறுகின்றன. பிறந்தது முதல் கேட்டுப் பழகிய மொழியின் சட்டத்தை நா தானே கடைப்பிடிக்கின்றது. இதில் அறியாமை ஏதுமில்லை.

அடுத்தது, வல்லெழுத்துகளின் இரட்டை ஒலி. தமிழில் ககரம், டகரம், தகரம், பகரம் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு வரிவடிவமே உண்டு. ஆயின் ஒலி இடத்திற்கேற்ப மாறும். 'பம்பரம்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். முதற் பகரம் அதிர்வின்றி ஒலிக்கின்றது. மகரத்தை அடுத்து வரும் இரண்டாம் பகரம் தொண்டை அதிர ஒலிக்கின்றது. குரல்வளை மீது விரலை வைத்துச் சொல்லிப் பார்ப்பின் இவ்வேறுபாடு விளங்கும். இவ்வாறே 'தந்தம்' என்பதில் இரண்டு தகரங்களும், 'கங்கணம்' என்பதில் இரண்டு ககரங்களும் வெவ்வேறு ஒலியின. தமிழில் எது எங்கு வரும் என்பதை இடமே முடிவு செய்துவிடுகின்றது. ஆதலின் பொருள் மயங்குவதில்லை. ஆங்கிலத்திலோ இரண்டும் சொல்லின் முதலிலும் வரும், இடையிலும் வரும், இறுதியிலும் வரும். மாற்றி ஒலித்தால் பொருளும் மாறும். தாளைக் கோக்கும் ஊசியைக் குறிக்கும் 'பின்' என்னும் சொல்லின் பகரத்தை அதிர்வுடன் ஒலித்தால் அது குப்பைத்தொட்டி ஆகிவிடும்.

மூன்றாவது, நம் மொழியில் இல்லாத ஒலிகள். மேற்பல் கீழிதழைத் தொடக் காற்று சீறி வெளிவரும் ஒலியை இன்று ஆய்தத்தோடு சேர்த்து 'ஃப' என எழுதுகின்றோம். பேச்சில் அது பெரும்பாலும் வெறும் பகரமாகிவிடுகின்றது. தேனீயின் ரீங்காரம் போல அதிரும் ஸகரத்திற்கு நம்மிடம் எழுத்தே இல்லை. ஆதலின் அதனை ஜகரமாக எழுதி ஜகரமாகவே ஒலிக்கின்றோம். வகரமும் ஆங்கிலத்தில் இரண்டு. ஒன்று பல்லும் இதழும் கூடிப் பிறப்பது. மற்றொன்று இரண்டு இதழும் குவிந்து பிறப்பது. நம் வகரம் ஒன்றே இரண்டுக்கும் பணி செய்கின்றது.

இவ்வாறு பகுத்துக் காணின், கடல் போல் தோன்றிய ஆங்கில ஒலிப்பு ஏழெட்டு இடறல்களாகச் சுருங்கிவிடும். அவற்றை ஒவ்வொன்றாக வென்றுவிடலாம்.

கையிலிருக்கும் முதல்

வணிகம் தொடங்குவோர் கையிருப்பை முதலில் எண்ணிப் பார்ப்பர். நம் மாணவர் நாவில் உள்ள கையிருப்பும் சிறிதன்று.

பம்பரத்தின் இரண்டாம் பகரம் ஏற்கெனவே நாவில் உள்ளது. அதனைச் சொல்லின் முதலுக்கு நகர்த்தினால் ஆங்கிலத்தின் அதிரும் பகரம் கிடைத்துவிடும். 'பம்ப, பம்ப' எனப் பலமுறை சொல்லி, மெல்ல மெல்ல முன்னுள்ள 'பம்' என்பதை விட்டுவிடுவதே பயிற்சி.

ஆங்கில டகரம் நம் டகரம் போல நாவை வளைத்து ஒலிப்பதன்று. மேற்பல்லின் வேருக்குச் சற்றுப் பின்னே நுனி நா ஒற்றப் பிறப்பது. 'வெற்றி' என்பதன் றகர ஒற்றைப் பழைய முறைப்படி ஒலிக்கும் இடம் ஏறத்தாழ இதுவே. யாழ்ப்பாணத் தமிழர் இதனை நன்கு உணர்ந்தவர். 'டிக்கெட்' என நாம் எழுதுவதை அவர்கள் 'ரிக்கெற்' என எழுதுவர். 'டொரான்டோ' என்னும் கனடிய நகரின் பெயர் அவர்கள் எழுத்தில் 'ரொறன்ரோ' ஆகும். பார்ப்பதற்கு வியப்பாகத் தோன்றினும், செவி கொண்டு செய்த தேர்வு அது.

அரபு ஓதப் பழகிய மாணவர்க்குக் கையிருப்பு இன்னும் மிகுதி. மேற்பல்லின் நுனி கீழிதழின் உட்புறத்தைத் தொடப் பிறக்கும் ஃபா என்னும் எழுத்து, ஆங்கில ஃபகரமே. நுனி நா மேற்பல்லின் விளிம்பைத் தொட்டு நிற்கக் காற்று கசியும் ஸா என்னும் எழுத்து, மூன்று என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் ஒலியே. அதன் அதிர்வுடைய இணையாகிய தால் என்னும் எழுத்து, சுட்டுச் சொற்களின் முதலில் ஆங்கிலர் ஒலிப்பது. ஷீன் ஷகரம், ஜா எனத் தமிழில் எழுதும் எழுத்து ரீங்கார ஸகரம். ஆங்கிலம் பயிலும் தமிழர் அரிதென அஞ்சும் ஐந்து ஒலிகள், தொழுகையில் நாள்தோறும் ஐவேளை இவர்தம் நாவில் பயின்று வருகின்றன. ஓதும்போது பிழையற ஒலிக்கும் நா, ஆங்கில வகுப்பில் மட்டும் ஃபகரத்தைப் பகரமாக்குவது ஏன்? ஓரிடத்தில் கற்றதை மற்றோரிடத்திற்கு எடுத்துச் செல்லலாம் என எவரும் சொல்லித் தராமையே காரணம். மாறாக, பகரம் இல்லாத மொழி அரபு. அதனால் அரபியர் பலர் ஆங்கிலப் பகரத்தை அதிர்வுடன் ஒலித்து இடர்ப்படுவர். தமிழர்க்கு அவ்விடர் இல்லை. ஒவ்வொரு மொழியாருக்கும் ஓர் இடறல் உண்டு என அறியும்போது நம் நாணம் பாதி நீங்கிவிடும்.

பயிற்சித் தொடர்கள்

எப்பயிற்சிக்கும் தாய்மொழியே தோற்றுவாய் ஆதல் நன்று. ஆகவே, நம் மாணவர்க்கென நாம் தொடுத்த தமிழ்த் தொடர்கள் இரண்டை முதலில் வைக்கின்றோம்.

ஆழக் குளத்தில் வாளை. வாளைக்கு மேலே வாழை. வாழை நிழலில் காளை. காளையின் வாலில் தாழை.

கரையில் பட்ட கறை கரைந்தது. கறை கரைந்தும் கரை கரையவில்லை.

ழகரத்தைத் தென்மாவட்டத்தார் பலர் ளகரமாகவும், சென்னைப் பக்கத்தார் சிலர் யகரமாகவும் ஒலிக்கும் இக்காலத்தில், முதல் தொடரைப் பிழையறச் சொல்லுதல் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் ஒருங்கே பயன் தரும். நுனி நாவைத் தன் விருப்பப்படி இயக்கக் கற்றவருக்கு எம்மொழியும் எளிது.

அடுத்து, தமிழும் ஆங்கிலமும் கலந்த தொடர்கள். பழகிய பெயர்களோடு அமைந்தமையால் அச்சம் தாரா.

பகரமும் ஃபகரமும்: ஃபாத்திமாவின் பாட்டி ஃபோட்டோவைப் பார்த்தாள், பாட்டியின் ஃபோட்டோவை ஃபாத்திமா பார்த்தாள்.

ஸகரமும் ஷகரமும்: ஷாஜகானின் ஸைக்கிள் ஷாப்பில் ஸலீமின் ஷூ, ஸலீமின் ஷூ ஷாப்பில் ஷாஜகானின் ஸைக்கிள்.

ரீங்கார ஸகரமும் ஜகரமும்: ஜீனத்தின் ஜீப்பில் ஜைனபின் ஜாடி. இங்கு ஜீனத், ஜைனப் என்னும் பெயர்களின் முதலெழுத்தைத் தேனீயின் ரீங்காரமாகவும், ஜீப், ஜாடி என்பவற்றைத் தமிழில் வழங்கும் ஜகரமாகவும் ஒலித்தல் வேண்டும். எழுத்து ஒன்றாயினும் ஒலி இரண்டு என்பதை நா உணர்ந்துகொள்ளும்.

இனி, முற்றும் ஆங்கிலச் சொற்களால் ஆன சிறு தொடர்கள்.

'பிக் பேப்பர் பேக்' என ஐந்து முறை சொல்லுக. பெரிய காகிதப் பை என்பது பொருள். முதற்சொல்லும் ஈற்றுச்சொல்லும் பம்பரத்தின் இரண்டாம் பகரத்தில் தொடங்கும். நடுச்சொல்லின் இரண்டு பகரமும் பம்பரத்தின் முதற் பகரம் போல்வன. அருகில் உள்ள அதிர்வு நடுச்சொல்லிலும் புகாமல் காத்தல் வேண்டும். ஆங்கிலர் சொல்லின் முதலில் வரும் இப்பகரத்தைச் சிறு மூச்சுடன் வெளிவிடுவர். வாயின் முன் ஒரு தாள் துண்டைப் பிடித்துக்கொண்டு சொன்னால், நடுச்சொல்லின் தொடக்கத்தில் தாள் அசைய வேண்டும். மற்ற இரண்டு சொற்களுக்கும் அத்துணை அசைதல் கூடாது.

'வாஷ் வேன், வேன் வாஷ்' என மாறிமாறிச் சொல்லுக. கழுவுதலைக் குறிக்கும் சொல்லுக்கு இதழ் குவிய வேண்டும், பல் தொடலாகாது. ஊர்தியைக் குறிக்கும் சொல்லுக்கு மேற்பல் கீழிதழைத் தொட வேண்டும். கண்ணாடி முன் நின்றால் பிழையைக் கண்ணே காட்டிவிடும்.

'த்ரீ, தேர்ட்டி, தேர்ட்டி த்ரீ, த்ரீ ஹன்ட்ரட் தேர்ட்டி த்ரீ' என எண்ணுக. ஒவ்வொரு தகரத்துக்கும் நா பல்லின் விளிம்புக்கு வந்து காற்றைக் கசியவிட வேண்டும்; டகரத்துக்குப் பின்வாங்கி ஒற்ற வேண்டும். கடையில் கணக்குச் சொல்லும்போதே இதனைப் பழகிவிடலாம்.

'ஸ்கூல் ஸ்டூல், ஸ்டேஷன் ஸ்டோர்' என்பது முன்னே இகரம் சேராமல் தொடங்குதற்கு. 'ரெட் கப், பிக் புக்' என்பது பின்னே உகரம் சேராமல் முடித்தற்கு.

பயிலும் முறை

பயிற்சியில் முதலிடம் செவிக்கு. செவி பிரித்தறியாத ஒலியை நா பிரித்து ஒலிக்காது. ஆதலின் ஆசிரியரோ, நன்கு ஒலிக்கும் மாணவரோ இரண்டு ஒலிகளை மாறிமாறிச் சொல்ல, கேட்போர் முதல் ஒலிக்கு வலக்கையையும் இரண்டாம் ஒலிக்கு இடக்கையையும் உயர்த்துதல் முதற்படி. தனித்தனிச் சொல்லாக நிறுத்திச் சொல்லுதல் இரண்டாம் படி. தொடராக மெதுவே சொல்லுதல் மூன்றாம் படி. பிழையின்றி மும்முறை சொன்ன பின்னரே விரைவைக் கூட்டுதல் நான்காம் படி. பிழை நேர்ந்தால் மீண்டும் மெதுவான நிலைக்கே திரும்புதல் வேண்டும். விரைந்து தவறாகச் சொல்வது தவற்றையே உறுதிப்படுத்தும். நா எதனைப் பலமுறை செய்கின்றதோ அதனையே பழகிக்கொள்ளும். உஸ்தாது மாணவரை அவசரப்படுத்தாமல், ஓரெழுத்து திருந்திய பின்னரே அடுத்த எழுத்துக்குச் செல்வதன் நுட்பம் இதுவே.

இறுதிப்படி, பயின்ற ஒலியை இயல்பான பேச்சில் கொண்டு நிறுத்துதல். 'ஃபாத்திமாவின் பாட்டி' தொடரை வென்ற மாணவி, ஃபகரம் வரும் ஐந்து ஆங்கிலச் சொற்களைக் கொண்டு தன்னைப் பற்றி ஐந்து வாக்கியங்கள் பேசுதல் வேண்டும். இப்படியை விட்டுவிட்டால், பயிற்சி வெறும் விளையாட்டாக நின்றுவிடும். இன்று ஏறத்தாழ ஒவ்வொரு மாணவர் கையிலும் கைப்பேசி உள்ளது. அதில் தம் குரலைப் பதிந்து கேட்பது நல்லாசிரியர் ஒருவரை உடன் வைத்திருப்பது போன்றது. ஒரு நாளைக்குப் பத்து மணித்துளி போதும்; ஒரு வாரத்துக்கு ஓர் ஒலியிணை போதும்.

எல்லையும் எச்சரிக்கையும்

நாநெகிழ் தொடர் எல்லா நோய்க்கும் மருந்து ஆகாது. ஆங்கிலப் பேச்சில் ஒரு சொல்லின் எவ்வசையை அழுத்தி ஒலிப்பது, வாக்கியத்தில் குரலை எங்கே உயர்த்துவது, எங்கே தாழ்த்துவது என்பவை தனித்தனியே கேட்டுப் பழக வேண்டியவை. சொல்வளமும் இலக்கணமும் படிப்பால் மட்டுமே வரும். இத்தொடர்கள் செய்வன இரண்டு: மயங்கும் ஒலிகளைப் பிரித்துக் காட்டுதல்; வாய் திறக்கும் துணிவைத் தருதல்.

திக்கிப் பேசும் மாணவரை வகுப்பின் நடுவே நிறுத்தி இத்தொடரைச் சொல்லுமாறு வற்புறுத்தல் அறமன்று. திக்குவாய் என்பது சோம்பலாலோ பயிற்சிக் குறைவாலோ வருவதன்று. அவர்க்குப் பேச்சுப் பயிற்சி வல்லுநரின் உதவி தேவை. அவர் தாமே விரும்பிச் சேர்ந்தால் வரவேற்போம். பேசி முடிக்கும் வரை பொறுமையுடன் கேட்போம்.

இலண்டனில் பிறந்தவர் போலப் பேசுதல் நம் குறிக்கோளும் அன்று. இந்தியர் பேசும் ஆங்கிலம் உலகெங்கும் கேட்டு உணரப்படும் ஆங்கிலமே. நம் பேச்சில் கொங்குத் தமிழின் இசை கலந்திருந்தால் அதனால் எவர்க்கும் இழிவில்லை. கேட்பவர் ஐயமின்றி விளங்கிக்கொள்ளுதல் வேண்டும்; அதற்கு எவ்வளவு திருத்தம் தேவையோ அவ்வளவே போதும். மரியாதைக்கு ஒரு 'ங்க' சேர்த்துப் பேசும் இனிய பழக்கமுடைய நம் மண்ணில், பிறர் ஒலிப்பைக் கேட்டு நகைக்கும் பழக்கம் வேரூன்றலாகாது. நகைப்புக்கு அஞ்சி மௌனமாகும் மாணவர் ஒருவர் இருப்பினும் அப்பழி அவ்வகுப்பு முழுவதையும் சாரும்.

நாம் செய்யத்தக்கவை

அரபுத் தமிழ் என்னும் எழுத்து முறையை உருவாக்கிய நம் முன்னோர், தமிழில் உள்ள ஒலி ஒன்றுக்கு அரபு எழுத்தில் வடிவம் இல்லை எனக் கண்டபோது, தமிழொலியை விட்டுவிடவில்லை. அரபு எழுத்துக்குப் புள்ளிகள் சேர்த்துப் புது வடிவம் கண்டனர். எழுத்தில் இல்லை என்பதற்காக ஒலியை இழக்கலாகாது என்னும் அவர்தம் உறுதி நமக்குப் பாடமாகும். நாவில் இல்லை என்பதற்காக ஓர் ஒலியைக் கைவிடுதலும் தகாது.

ஆகவே, மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். தமிழ்த்துறையும் ஆங்கிலத் துறையும் இணைந்து வாரம் ஒரு மணி நேரம் ஒலிப்பு மன்றம் நடத்தலாம். பிறப்பியலைப் பாடமாக நடத்தும் நாளிலேயே அம்மன்றம் தொடங்குதல் பொருத்தம். மாணவர் தத்தம் ஊரில் வழங்கும் நாநெகிழ் தொடர்களைப் பாட்டிமாரிடமும் பாட்டனாரிடமும் கேட்டு எழுதித் தொகுக்கலாம். ஏட்டில் ஏறாமல் மறையும் நாட்டார் செல்வம் அதனால் காக்கப்படும். சமுதாயப் பெரியோர், மக்தபில் ஓதும் சிறார்க்கு, 'இந்த ஃபா என்னும் எழுத்தே நாளை நீ பேசப்போகும் ஆங்கிலத்திலும் வரும்' என ஒரு சொல் சொல்லி வைக்கலாம். அவ்வொரு சொல், பத்தாண்டு கழித்து ஒரு நேர்முகத் தேர்வில் பயன் தரக்கூடும்.

கொடுங்கோலன் ஃபிர்அவ்னின் அவைக்குச் செல்லுமாறு பணிக்கப்பட்டபோது மூஸா நபி (அலை) அவர்கள் இறைவனிடம் கேட்டவற்றைத் திருக்குர்ஆனின் 20ஆம் அத்தியாயமாகிய தாஹா எடுத்துரைக்கின்றது. உள்ளத்தை விரிவாக்குமாறும், பணியை எளிதாக்குமாறும், நாவின் முடிச்சை அவிழ்க்குமாறும் அவர்கள் இறைஞ்சினார்கள். தம் பேச்சை மக்கள் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதே அதன் நோக்கமாகக் கூறப்படுகின்றது. பேச்சுத் திறன் மிக்க தம் உடன்பிறந்தார் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகவும் வேண்டினார்கள். நாவின் முடிச்சு இழிவுக்குரியது அன்று என்பதும், அதனை அவிழ்க்கத் துணை தேடுதல் பெருமைக்குரியது என்பதும் இதனால் பெறப்படும்.

நம் மாணவர் நாவிலும் முடிச்சுகள் உண்டு. அவற்றை அவிழ்க்க ஆசிரியர் உண்டு. உடன் பயிலும் நண்பர் உண்டு. சிரித்துக்கொண்டே சொல்லத்தக்க சில தொடர்களும் உண்டு. இன்றே தொடங்குவோம். விளங்கப் பேசும் தலைமுறை ஒன்று இவ்வளாகத்திலிருந்து எழும், இன்ஷா அல்லாஹ்.